பசுமைக் கட்டடச் சான்றிதழ்கள்: வீடு வாங்கும் முன்பும் கட்டும் முன்பும்

சென்ற மாதம் ஒரு ஜும்ஆ முடிந்ததும் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வண்ணத்தாளில் அச்சடித்த விளம்பரம் ஒன்றை என்னிடம் நீட்டினார். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுத் திருச்சியில் அடுக்குமாடி வீடு ஒன்று வாங்க நினைக்கிறார்கள். விளம்பரத்தில் ஓர் இலைச் சின்னம், அதன் கீழே "ப்ரீ-சர்டிஃபைடு கோல்டு, பசுமைக் குடியிருப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதே தெருவில் உள்ள மற்றொரு குடியிருப்பைவிடச் சதுர அடி விலையும் கூடுதல்.

"ஹஜ்ரத், இந்தக் கோல்டு சர்டிஃபிகேட்டை நம்பிக் கூடுதலாகக் கொடுக்கலாமா? ஊரில் இருக்கும் மனையை விற்றுத்தான் கொடுக்கணும்" என்று கேட்டார்.

நான் மதரஸாவில் ஓதியவன். கல்லூரியில் படித்ததும் வரலாறுதான், பொறியியல் அல்ல. அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. பொறியாளர்களிடம் கேட்டும், சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் வெளியிட்டிருக்கும் விதிகளைப் படித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே தருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்களில் சபர் சென்று சம்பாதித்த பணத்தின் பெரும்பகுதி வீடாகத்தான் மாறுகிறது என்பதால், இது அந்தப் பெரியவர் ஒருவருடைய கேள்வி மட்டும் அல்ல.

சான்றிதழ் தருபவர்கள் யார்?

ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் கேட்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எந்தப் பொருளால் கட்டப்பட்டது, உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கிறதா என்று தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தரம் பிரிப்பதுதான் பசுமைக் கட்டட மதிப்பீடு. 1990-இல் பிரிட்டனில் தொடங்கிய 'பிரீயாம்' இவ்வகையில் முன்னோடி. அமெரிக்காவில் 1993-இல் உருவான பசுமைக் கட்டடக் கவுன்சில், 1990-களின் இறுதியில் 'லீட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் அதிகம் காதில் விழும் பெயர் அதுதான்.

நம் நாட்டில் மூன்று பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். முதலாவது ஐ.ஜி.பி.சி. எனப்படும் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில். இந்தியத் தொழில் கூட்டமைப்பின் அங்கமாக 2001-இல் தொடங்கப்பட்டது, தலைமையிடம் ஹைதராபாத். தொடக்கத்தில் லீட் முறையையே இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றி நடத்திய இந்த அமைப்பு, பிறகு வீடுகள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் என்று தனித்தனி முறைகளை வகுத்தது. வழிபாட்டுத் தலங்களுக்கும் அதனிடம் தனி முறை உண்டு. இரண்டாவது 'க்ரிஹா'. டெல்லியில் உள்ள டெரி நிறுவனமும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்தது; 2007-இல் தேசிய மதிப்பீட்டு முறையாக ஏற்கப்பட்டது. இது ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும். 2,500 சதுர மீட்டருக்குக் குறைவான சிறிய கட்டடங்களுக்கு 'ஸ்வக்ரிஹா' என்ற எளிய வடிவமும் இருக்கிறது. மூன்றாவது பி.இ.இ. எனப்படும் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு. நம் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு இவர்களுடையதுதான். 2009 முதல் அலுவலகக் கட்டடங்களுக்கும் நட்சத்திரம் தருகிறார்கள்.

நம்மவர்கள் பிழைக்கப் போயிருக்கும் நாடுகளில் இது இன்னும் பழகிப்போன விஷயம். சிங்கப்பூரில் 2005 முதல் 'கிரீன் மார்க்' இருக்கிறது. மலேசியாவில் 2009-இல் 'கிரீன் பில்டிங் இண்டெக்ஸ்' வந்தது. அபுதாபியில் 'இஸ்திதாமா' என்ற திட்டத்தின் கீழ் கட்டடங்களுக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக முத்துகள் தருகிறார்கள். முத்துக் குளித்து வாழ்ந்த கடற்கரை அல்லவா! 2010 முதல் அங்கே புதுக் கட்டடம் எதுவானாலும் குறைந்தது ஒரு முத்தாவது பெற வேண்டும். அரசுக் கட்டடம் என்றால் இரண்டு. 'தவாம்' என்ற அரபுச் சொல்லை அறிந்தவர்களுக்கு 'இஸ்திதாமா'வின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நீடித்து நிற்கச் செய்வது என்பதுதான் அது. அந்தக் கட்டடங்களில் செங்கல் சுமந்தவர்களிலும் குழாய் பதித்தவர்களிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஊருக்குத் திரும்பி அவர்கள் தமக்கென்று கட்டும் வீட்டில்தான் அந்தக் கணக்கு எதுவும் இல்லை.

மதிப்பெண் போடும் விதம்

லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் வெறும் சான்றிதழ், 50 எடுத்தால் சில்வர், 60 எடுத்தால் கோல்டு, 80-க்கு மேல் பிளாட்டினம். ஐ.ஜி.பி.சி.யின் தரப் பெயர்களும் இவைதான். புள்ளிகளுக்கு முன்னால் கட்டாய நிபந்தனைகள் சில உண்டு. அவற்றில் ஒன்று தவறினாலும் மற்றப் புள்ளிகள் எத்தனை இருந்தும் பயனில்லை. கட்டடத்துக்குள் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்துவது அப்படிப்பட்ட நிபந்தனைகளில் ஒன்று. நம் பெண்மக்களுக்கு இது பிடிக்கும்.

நிபந்தனைகளைத் தாண்டிவிட்டால், எந்தப் பாடத்தில் மதிப்பெண் சேர்ப்பது என்பது கட்டுபவரின் விருப்பம். மின்சாரத்தில் குறைவாகவும் பொருட்களில் அதிகமாகவும் எடுத்து ஒருவர் கோல்டு வாங்கலாம்; இன்னொருவர் தண்ணீரில் எடுத்து அதே கோல்டை வாங்கலாம். சைக்கிள் நிறுத்த இடம் விட்டாலும் புள்ளி உண்டு என்பதைச் சுட்டிக்காட்டி அமெரிக்காவிலேயே கேலி செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே 'கோல்டு' என்ற சொல்லை மட்டும் பார்த்தால் அந்த வீட்டில் மின்கட்டணம் குறையுமா, தண்ணீர்ப் பஞ்சம் தீருமா என்று சொல்ல முடியாது. மதிப்பெண் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளை பாஸ் என்று கேட்டதும் நாம் சும்மா இருந்துவிடுகிறோமா? கணக்கில் எவ்வளவு என்று கேட்கிறோமே, அது போலத்தான்.

சென்னை கிண்டியில் 2012-இல் திறக்கப்பட்ட ஐ.டி.சி. கிராண்ட் சோழா நட்சத்திர விடுதி லீட் பிளாட்டினமும் க்ரிஹா ஐந்து நட்சத்திரமும் பெற்றது. தன் வகைக் கட்டடங்களோடு ஒப்பிட்டால் அது சிக்கனமானதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அறந்தாங்கிப் பக்கம் ஓட்டு வீட்டில் இரண்டு மின்விசிறியோடு வாழும் குடும்பம் செலவிடும் மின்சாரம் அந்த விடுதியின் ஓர் அறை செலவிடுவதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தக் குடும்பத்திடம் சான்றிதழ் இல்லை. மதிப்பீட்டுக்கும் பதிவுக்கும் கட்டணம், அதற்குமேல் ஆலோசகருக்குச் சம்பளம் என்று இருப்பதால், பணம் உள்ள கட்டடங்களே பெரும்பாலும் பரீட்சைக்கு வருகின்றன. இந்த முறைகளில் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

கலாம் திறந்துவைத்த கட்டடம்

இருந்தாலும் இந்தியாவில் இந்த அலையைத் தொடங்கிவைத்த கட்டடத்தை ஒதுக்கிவிட முடியாது. ஹைதராபாத்தில் உள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் லீட் பிளாட்டினம் பெற்ற கட்டடம். 2004 ஜூலை 14 அன்று அதைத் திறந்துவைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர், நம் இராமேஸ்வரத்து ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள்.

அந்தக் கட்டடத்தில் உள்ளவற்றைக் கேட்டால் எங்கோ பார்த்தது போல இருக்கும். நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றி அறைகள். வெயிலை வடிகட்டி வெளிச்சத்தையும் காற்றையும் மட்டும் உள்ளே விடும் ஜாலிச் சுவர்கள். வெளிக்காற்றைப் பிடித்துக் குளிரவைத்து இறக்கும் இரண்டு காற்றுக் கோபுரங்கள். தளத்தின் மேல் புல்லும் செடியும். கழிவுநீரைச் செடிகளின் வேர்ப்படுகையில் விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு.

காற்றுக் கோபுரத்தைத் துபையில் பழைய பஸ்தகியா பகுதியில் நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். ஜாலி வேலைப்பாட்டுக்கு முகலாயர் கட்டடங்களே சாட்சி. முற்றமும் தாழ்வாரமும் நம் மாவட்டத்திலேயே இராயவரம், அரிமளம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் நிற்கின்றன. நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகளிலும் நடுவில் வானம் பார்க்கும் முற்றம் இருந்தது. வீட்டுப் பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் காற்றும் வெளிச்சமும் பெற அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது, இடம் வீணாகிறது என்று சொல்லி அதை மூடித் தளம் போட்டோம். தெருப்பக்கத்து ஜன்னலைப் பர்தாவுக்காக அடைத்தோம். இரண்டும் சேர்ந்தபோது பகலிலும் விளக்கும் ஏ.சி.யும் தேவைப்பட்டன. பழைய ஏற்பாட்டைச் சுமந்து நிற்கும் கட்டடத்துக்கு உலகத்தின் பெரிய மதிப்பெண் கிடைத்ததைக் கலாம் திறந்துவைத்த அதே காலத்தில்தான் நாம் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தோம்.

காகிதமும் கட்டடமும்

சான்றிதழ் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் கட்டப்பட்ட புதிய சட்டமன்ற - தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. ஜெர்மனி நாட்டு நிறுவனம் வடிவமைத்தது. லீட் கோல்டு தரம் பெற்றது. பசுமைக் கட்டடமாகவே திட்டமிடப்பட்ட முதல் சட்டமன்றக் கட்டடம் என்று பெருமையாகப் பேசப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014-இல் அதே கட்டடம் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாற்றித் திறக்கப்பட்டது. இன்று ஏழை மக்களுக்குப் பெரிய உதவி. அரசியல் சரி தவறுகளை விட்டுவிடுவோம். கூட்டம் நடத்தவும் கோப்புப் பார்க்கவும் வடிவமைக்கப்பட்ட கட்டடத்துக்கான மின்கணக்கு வேறு. அறுவைச் சிகிச்சைக் கூடங்களும் இரவு பகலாக நோயாளிகளும் இருக்கும் கட்டடத்துக்கான கணக்கு வேறு. சான்றிதழ் வாங்கிய அன்று இருந்த வடிவத்துக்கும் பயனுக்கும்தான் அது சாட்சி. அதன் பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது.

பி.இ.இ. நட்சத்திரம் இந்த இடத்தில் சற்று வேறுபடுகிறது. அது வரைபடத்தைப் பார்த்துத் தரப்படுவதில்லை. ஓராண்டு முழுக்க ஓடிய மின்மீட்டரைப் பார்த்து, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் செலவானது என்று கணக்கிட்டுத் தரப்படுகிறது. என் தனிப்பட்ட கருத்தில் இதுதான் நேர்மையான அளவுகோல்.

இப்போது பெரியவரின் விளம்பரத்துக்கு வருவோம். அதிலிருந்த 'ப்ரீ-சர்டிஃபைடு' என்ற சொல்லில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. ஒரு கட்டடம் மூன்று நிலைகளில் எதிலும் இருக்கலாம். 'ரிஜிஸ்டர்டு' என்றால் கட்டணம் கட்டிப் பெயரைப் பதிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டது போல. 'ப்ரீ-சர்டிஃபைடு' என்றால் வரைபடத்தையும் திட்டத்தையும் பார்த்து, சொன்னபடி கட்டினால் இந்தத் தரம் கிடைக்கும் என்று தரப்பட்ட முன்சான்று. 'சர்டிஃபைடு' என்பதே கட்டி முடித்த பிறகு ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் இறுதிச் சான்று. அதற்கும் காலவரம்பு உண்டு.

இடையில் வண்ணக் கண்ணாடியின் தரம் மாறலாம், சோலார் தகடுகள் குறையலாம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டும் ஓடாமல் கிடக்கலாம். எனவே கூடுதல் விலை கேட்பவரிடம் இவற்றைக் கேட்க வேண்டும்: எந்த அமைப்பின் சான்று, பதிவு எண் என்ன? முன்சான்றா, இறுதிச் சான்றா? மதிப்பெண் பட்டியலில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் எத்தனை? இறுதிச் சான்று கிடைக்காவிட்டால் கூடுதல் விலையைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுவார்களா? கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வருவது கடினம். பதிவு எண்ணை வைத்து அந்தந்த அமைப்பிடம் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். விற்பவர் வாயால் சொன்ன சிறப்பு பொருளில் இல்லாமல் போனால் என்ன சட்டம் என்பதைப் ஃபிக்ஹு நூல்கள் வியாபாரப் பாடத்தில் விரிவாகவே பேசுகின்றன. ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது அதற்கான எளிய காப்பு.

பெரியவரின் மகன் இதையெல்லாம் கேட்டு எழுதினார். வந்த பதிலில் பதிவு எண் இருந்தது. நான்காவது கேள்விக்கு ஒரு வரியும் இல்லை. மனை இன்னும் விற்கப்படவில்லை.

சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு

நம் ஊரில் பத்து சென்ட் மனையில் தனி வீடு கட்டுபவருக்குச் சான்றிதழ் அவசியம் என்று நான் நினைக்கவில்லை. ஐ.ஜி.பி.சி. 2008 முதல் வீடுகளுக்கென்றே மதிப்பீடு வைத்திருக்கிறது, தனி வீடும் அதில் சேரலாம். விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் செய்துகொள்ளட்டும். மற்றவர்களுக்கு அந்த வினாத்தாளே போதும்.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளுக்கு உரியது. அதாவது ஏறத்தாழ பன்னிரண்டரை சென்ட். அதற்குக் குறைந்த மனைக்காரரும் அதிலுள்ள எண்களை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நம்முடையது போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதியில், வெளியே திறக்கும் ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு ஆகியவற்றின் திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் உள்தரைப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது அது. 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 167 சதுர அடி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போது எல்லா வீட்டிலும் வைக்கும் யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். நாலடிக்கு நாலடி ஜன்னல் 16 சதுர அடி என்றாலும், காற்றுக்கு வழி 8 சதுர அடியே. அப்படிப் பத்து ஜன்னல் வைத்தாலும் 80-தான் ஆகிறது. தேவையில் பாதிகூட இல்லை. கதவு போல் திறக்கும் பழைய மர ஜன்னல் கிட்டத்தட்ட முழுவதும் திறக்கும். விதித்தொகுப்பு அதற்கு 90 சதவீதம் கணக்கு வைக்கிறது. பார்வைக்கு மறைப்பு வேண்டும் என்றால் ஜன்னலை அடைப்பதைவிட வெளியே ஜாலிச் சுவரோ மரத்தட்டியோ வைக்கலாம்.

வீட்டில் வெயில் அதிகம் இறங்குவது தளத்தின் வழியே. வெறும் கான்கிரீட் தளத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும், இரவு பத்து மணிக்கும் சூடு விடாது. விதித்தொகுப்பு தளத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வெப்பத்தடுப்புப் படுகை இல்லாத வெறும் தளம் அதற்குள் வராது. சுண்ணாம்பு ஜல்லி போட்டு அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறை, வெள்ளை நிறக் கூல் ரூஃப் ஓடுகள், அடியில் வெப்பத்தடுப்புப் பலகை என்று வழிகள் பல. இதற்கு ஆகும் செலவை வீட்டு முகப்பில் வைக்கும் கண்ணாடியிலிருந்து மிச்சப்படுத்தலாம். மேற்கு பார்த்த கண்ணாடி முகப்பு நம் வெயிலுக்கு அடுப்பு மாதிரி. துபையில் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தை இங்கே கட்ட ஆசைப்படுபவர்கள், அங்கே அதைக் குளிர்விக்க எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன என்பதையும் பார்த்திருப்பார்கள்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. காகிதத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கணக்கு எளிது: 1,000 சதுர அடித் தளம் என்பது 93 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் 930 லிட்டர் விழும். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீர் உப்பேறிக்கொண்டு வரும் நிலையில் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தெருவுக்கு விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை, குடத்துக்கு இவ்வளவு என்று குடிநீர் வாங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பசுமை மதிப்பீடு கட்டடத்தின் பலத்துக்கான சான்று அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்கள் நாம். கம்பி, அஸ்திவாரம், மாடியில் வைக்கும் சோலார் தகடுகளின் பிடிமானம் ஆகியவற்றைத் தனியே பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பள்ளிவாசல்கள்

ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் 2022-இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் 'எட்ஜ்' சான்றிதழைப் பெற்றது. அந்தச் சான்று பெற்ற முதல் வழிபாட்டுத் தலம் அதுவே. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருட்களில் அடங்கிய எரிசக்தி ஆகிய மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்டினால்தான் அது கிடைக்கும். புதிதாகக் கட்டிய பள்ளி அல்ல அது, 1978-இல் திறக்கப்பட்ட பழைய கட்டடம். பழுதுபார்த்தபோது 500-க்கும் மேற்பட்ட சோலார் தகடுகளை வைத்தார்கள். பிரிட்டனில் 2019-இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் மத்தியப் பள்ளிவாசலில் மரத்தூண்களுக்கு இடையே கூரை வழியாகப் பகல் வெளிச்சம் இறங்குகிறது. மழைநீரும் பயன்படுத்திய நீரும் கழிவறைகளுக்கும் தோட்டத்துக்கும் போகின்றன. துபையில் 2014-இல் திறக்கப்பட்ட கலீஃபா அல் தாஜிர் பள்ளியிலும் உளூச் செய்த தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு அப்படியே பயன்படுகிறது.

நம் மஹல்லாப் பள்ளிகளில் மதிப்பெண் அதிகம் கிடைக்கக்கூடிய இடம் உளூச் செய்யும் இடம்தான். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. ஒரு முத்து என்பது இரு கை சேர்த்து அள்ளும் அளவு, ஒரு லிட்டருக்கும் குறைவு. ஹவுளில் கையால் அள்ளியவர்கள் தேவைக்குத்தான் அள்ளினார்கள். ஹவுளை மூடிக் குழாய் வைத்த பிறகு, கை கழுவத் தொடங்கியதிலிருந்து கால் கழுவி முடிக்கும் வரை அது திறந்தே ஓடுகிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் விழும் குழாய் இரண்டு நிமிடம் திறந்திருந்தால் ஒருவருக்கு 12 லிட்டர். ஒரு வக்துக்கு நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் 1,200 லிட்டர். குழாய் முனையில் காற்றுக் கலக்கும் வலை ஒன்றைப் பொருத்தினாலே இதைப் பாதியாகக் குறைக்கலாம்.

உளூவுக்குப் பயன்பட்ட 'முஸ்தஃமல்' தண்ணீர் சுத்தமானது, ஆனால் அதைக்கொண்டு மீண்டும் உளூச் செய்ய முடியாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். செடிக்கு ஊற்றவும் கழிவறையில் பயன்படுத்தவும் தடையில்லை. ஆகவே பள்ளியைப் புதுப்பிக்கும் ஜமாஅத்தார்கள் உளூத் தண்ணீருக்குத் தனிக் குழாயும் கழிவறைத் தண்ணீருக்குத் தனிக் குழாயும் தொடக்கத்திலேயே போடச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்து செப்டிக் டேங்குக்குப் போய்விட்டால், பிறகு தரையில் பதித்த கிரானைட்டை உடைத்துத்தான் பிரிக்க முடியும்.